சல்லடை யார் கையில்?

(மாணவர்கள் கூட்டிய வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு கவிதை வாசிச்சிட்டு, டீ குடிச்சிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். இந்த முறை மொழியும் சாதியும் பற்றிப் பேசணும்னு சொல்லிட்டீங்க. நான் மொழியியல் படிச்சவன் இல்ல. பி.காம். முடிச்சிட்டு வங்கியில கிளார்க்கா இருக்கிறவன். நாள் முழுக்க நான் பார்க்கிற இலக்கியம் விண்ணப்பமும் செலானும்தான். அதனால ஒரு விண்ணப்பத்துல இருந்தே தொடங்குறேன். ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

மூணு வருசத்துக்கு முன்னாடி கல்விக் கடனுக்காக ஒரு பொண்ணு அப்பாவோட வந்துச்சு. நர்சிங் சேரப் போகுது. விண்ணப்பத்துல 'படிப்பின் பெயர்'னு இருக்கிற இடத்துல 'நர்சிங் கோர்ஸ்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. அந்தக் 'கோர்ஸ்'ல ஒரு எழுத்து மாறிப் போச்சு. 'சி, ஓ'வுக்கு அப்புறம் 'யூ' வந்தா அது படிப்பு. அந்தப் பொண்ணு 'ஏ' போட்டுடுச்சு. 'ஏ' வந்தா அர்த்தம் வேற. சொரசொரப்பு, முரடு, மட்டம், நாகரிகம் இல்லாதது. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கண்ணுக்குத்தான் வேற.

அதிகாரி அதைப் பார்த்தார். பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி, "இவங்க முரட்டு நர்சிங் படிக்கப் போறாங்களாம்ப்பா"ன்னு சொன்னார். நாலு பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன தப்புன்னே தெரியல, அதுவும் சேர்ந்து சிரிச்சுது. அவங்க அப்பா கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அவங்க எந்த ஊர், ஊர்ல எந்தப் பக்கம்னு விலாசத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். நானும் அந்த மாதிரி விலாசத்துல இருந்து வந்தவன்தான்.

நானும் சிரிச்சேன் தோழர்களே. அதுதான் இன்னிக்கு நான் பேச வந்த விசயம்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எழுந்து அகராதியை எடுத்தேன். அந்தச் சொல்லின் கதையைப் படிக்கப் படிக்க, தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லைன்னு தெரிஞ்சுது.

சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்வது இதுதான். இந்த இரண்டு 'கோர்ஸு'ம் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஓட்டம், போக்கு என்று பொருள்படும் லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் வந்து 'கோர்ஸ்' ஆனது. ஆறு ஓடுகிற போக்கும் கோர்ஸ், நாள் நடக்கிற போக்கும் கோர்ஸ். வழக்கமான போக்கில் கிடைப்பது, சாதாரணமானது என்ற பொருளில் 15ஆம் நூற்றாண்டில் அதைப் பெயரடையாக்கித் துணிக்குச் சொன்னார்கள். திருநாளுக்கு உடுத்துவது ஒன்று, தினம் உடுத்துவது ஒன்று. தினம் உடுத்துகிற சாதாரணத் துணிக்குப் பெயர் 'கோர்ஸ்' துணி. அப்போது அதில் வசவு இல்லை. பல காலம் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். பிறகுதான் 'ஏ' போட்டதைத் தனியாகவும் 'யூ' போட்டதைத் தனியாகவும் பிரித்து வைத்தார்கள்.

பிரித்த பிறகு பாருங்கள், சொல் எப்படி இறங்குகிறது என்று. சாதாரணத் துணி தடித்திருக்கும், சொரசொரவென்று இருக்கும். ஆகவே சாதாரணம் என்ற சொல்லுக்குச் சொரசொரப்பு என்று பொருள் வந்தது. சொரசொரத் துணியை உடுத்துகிறவன் யார்? உழைக்கிறவன். ஆகவே அவன் பேச்சும் 'கோர்ஸ்', அவன் குரலும் 'கோர்ஸ்', அவன் சிரிப்பும் 'கோர்ஸ்'. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஆபாசம் என்கிற பொருளும் அதில் ஏறிவிட்டது. துணியில் தொடங்கி உடம்புக்கு வந்து, உடம்பிலிருந்து நாக்குக்கு வந்து, கடைசியில் ஒழுக்கத்தில் போய் நிற்கிறது. சாதாரணம் என்பது அசிங்கம் ஆன வழி இது.

இது அந்த ஒரு சொல்லின் கதை மட்டும் இல்லை. சினிமாவில் 'வில்லன்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் பண்ணையில் வேலை செய்கிறவன். 'வல்கர்' என்றால் பொதுமக்களுக்கு உரியது என்பதுதான் மூலம். நாகரிகம் தெரியாதவனை 'பூர்' என்பார்கள், அதற்கும் மூலம் குடியானவன். எதிர்ப்பக்கம் பாருங்கள். 'ஜென்டில்' என்றால் நல்ல குடியில் பிறந்தவன். 'பொலைட்' என்றால் மெருகேற்றப்பட்டது. 'பாலிஷ்' போடுகிறோமே, அந்தப் பாலிஷும் இந்தப் பொலைட்டும் ஒரே வேர். 'கோர்ஸு'க்கு எதிர்ச்சொல்லான 'ஃபைன்', முடிவு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முடித்து வைக்கப்பட்டது, வேலை பூர்த்தியானது என்று பொருள். வழக்கைத் தீர்த்து முடித்துக் கட்டுகிற பணத்துக்கும் அதே சொல்தான் வந்தது, நாங்கள் வங்கியில் போடுகிற 'ஃபைன்' அதுதான்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். மாவை 'நைசா' அரைக்கச் சொல்கிறோம். இங்கிலீஷிலிருந்து வந்து நம் கிரைண்டருக்குப் பழகிப்போன சொல். அந்த 'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு என்ன பொருள் தெரியுமா? ஒன்றும் தெரியாதவன். இங்கிலீஷிலும் முதலில் முட்டாள் என்ற பொருளில்தான் வழங்கியது. ஆக, ஒன்றும் தெரியாதது ஏறி ஏறி 'நைஸ்' ஆகிவிட்டது, எல்லாருக்கும் பொதுவானது இறங்கி இறங்கி 'கோர்ஸ்' ஆகிவிட்டது. சொற்களுக்கும் ஏணி இருக்கிறது தோழர்களே. யார் ஏறலாம், யார் இறங்கணும்னு அங்கேயும் எவனோ முடிவு பண்றான்.

இங்கிலீஷ்காரன் அப்படி, நம்ம தமிழ் எப்படின்னு கேட்பீங்க. அதையும் பார்த்துடுவோம்.

தமிழில் இந்த ஒரு சொல்லுக்குச் சரியான ஒரு சொல் கிடையாது. பல சொற்கள் இருக்கின்றன. கையில் பட்டால் சொரசொரப்பு. தொண்டையில் இருந்தால் கரகரப்பு. அரைத்த மாவில் இருந்தால் கொரகொரப்பு. நடக்கிற பாதை கரடுமுரடு. இடித்த பொடி பெருவெட்டு. எந்த உறுப்புக்குத் தெரிகிறதோ அந்த உறுப்புக்கு ஒரு சொல். இவற்றில் பெரும்பாலானவற்றை இலக்கணம் இரட்டைக்கிளவி என்று சொல்லும், பிரித்தால் பொருள் தராது. இந்தச் சொற்களில் இகழ்ச்சி இல்லை. இட்லிக்கு அரிசியைக் கொரகொரன்னு எடுக்கணும், உளுந்தை நைசா எடுக்கணும். அரிசியையும் நைசா அரைச்சா இட்லி களி மாதிரி ஆயிடும். கொரகொரப்பு அங்கே ஒரு பதம். குற்றம் இல்ல. வேலை செய்கிற கை கண்டுபிடித்த சொல் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் தமிழிலும் அந்த ஏணி உண்டு. நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் பாசனம் உள்ள நிலம் நன்செய், வானம் பார்த்த நிலம் புன்செய். 'நன்' என்றால் நல்லது. 'புன்' என்றால் சிறியது, இழிந்தது. மண்ணுக்கே சாதி வைத்தாயிற்று. நெல்லில் மெல்லிசானது சன்ன ரகம், தடித்தது மோட்டா ரகம். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறது என்று ஊருக்குப் போகும்போது பாருங்கள். 'பொது ரகம்' என்றுதான் எழுதியிருக்கும். இங்கிலீஷ்காரன் 15ஆம் நூற்றாண்டில் துணிக்குச் செய்ததை நாம் நெல்லுக்குச் செய்திருக்கிறோம். பொதுவானது எதுவோ அதற்கு விலை ஒரு படி கம்மி.

தொல்காப்பியத்தின் செய்யுளியலில் 'புலன்' என்று ஒரு வனப்பு சொல்லப்படுகிறது. அகராதியைப் புரட்டித் தேட வேண்டாமல், கேட்ட உடனே பொருள் தோன்றுகிற செய்யுள் அது. எந்த மொழியில் அமைந்தால் அப்படி இருக்கும்? ஒரு பாடத்தில் 'சேரி மொழி' என்று இருக்கிறது. இன்னொரு பாடத்தில் 'தெரிந்த மொழி' என்று இருக்கிறது. எது மூலபாடம் என்று புலவர்கள் சண்டை போடட்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சேரி என்றால் அன்று மனிதர்கள் சேர்ந்து வாழும் இடம். அங்கே பேசுவது எல்லாருக்கும் தெரிந்த மொழி. அது செய்யுளுக்கு ஓர் அழகு என்று இலக்கணம் எழுதியவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். பிறகு 'சேரி' என்ற சொல்லை நம் தலையில் மட்டும் கட்டி, சேரி மொழி என்றாலே கொச்சை என்று ஆக்கியது யார்? 'கோர்ஸ்' இறங்கிய அதே படிக்கட்டில்தான் 'சேரி'யும் இறங்கியது.

சொல்தானே, போகட்டும் என்று விடலாமா? விட முடியாது. சொல் அகராதியோடு நிற்பதில்லை, அரசாணைக்குள் போகும். அதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டதற்காகத் தெருவில் அடித்துக் கிழித்தார்கள். 1829இல் ஓர் அரசாணை வந்தது. கிறித்தவரான பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்று. கலகம் ஓயவில்லை. 1858இலும் 1859இலும் பெரிதாக வெடித்தது. சென்னை மாகாண ஆளுநர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் இன்னொரு ஆணை போட்டார். வெற்றி என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அந்த ஆணையை இங்கிலீஷ் வடிவத்தில் படித்துப் பாருங்கள். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம். அல்லது 'கோர்ஸ்' துணியை மீனவப் பெண்கள் கட்டுவது போலக் கட்டி மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

கவனியுங்கள் தோழர்களே. அந்தப் பெண்களுக்கு மெல்லிய துணி நெய்யத் தெரியாததாலோ வாங்க முடியாததாலோ அந்தச் சொல் அங்கே வரவில்லை. மறைக்கலாம், ஆனால் சொரசொரத் துணியால் மறை என்பது உத்தரவு. உடம்பைப் பார்த்தாலே சாதி தெரிய வேண்டும் என்பதற்கு வேட்டி சேலையின் நூலைக் கணக்குப் பார்த்தார்கள். ஆக, 'கோர்ஸ்' என்பது துணியின் குணம் அல்ல, சட்டம் போட்ட எல்லை. இழைக்கும் இழைக்கும் நடுவில் அரசு நின்றது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் யோசியுங்கள். 1921 செப்டம்பரில் காந்தி மதுரையில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் முரட்டுக் கதர்த்துணியைக் கட்டிக்கொண்டார். அது தியாகம் என்று நாடு கொண்டாடியது. கொண்டாடட்டும். கழற்றுவதற்கு ஒரு சட்டை இருந்தவருக்கு அது தியாகம். போடவே விடாமல் அடிக்கப்பட்டவர்களுக்கு முரட்டுத்துணியில் என்ன தியாகம்? அதனால்தான் அண்ணல் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் டையும் போட்டார். நம் ஊர்ச் சிலைகளில் அந்த நீலக்கோட்டைச் சிற்பி மறக்காமல் மடிப்போடு வைக்கிறான். அந்தக் கோட்டு 1859ஆம் ஆண்டு ஆணைக்கு நாம் எழுதிய பதில் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அரசர் போய்விட்டார், ஆணை போய்விட்டது. சொல் போய்விட்டதா?

எங்க வீட்டுக்கு அந்தச் சொல் மூணு தாள்ல வந்துச்சு. மூணையும் சொல்லிடறேன்.

முதல் தாள் கட்டட மதிப்பீடு. வீட்டுக் கடனுக்கு வருகிற எஸ்டிமேட்டில் ஜல்லியை 'கோர்ஸ் அக்ரிகேட்' என்றும் மணலை 'ஃபைன் அக்ரிகேட்' என்றும் எழுதியிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. 4.75 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலிக்க வேண்டும். கீழே விழுந்தால் ஃபைன், மேலே நின்றால் கோர்ஸ். அதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. சொல்லப்போனால் கான்கிரீட்டில் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்பது பழைய கணக்கு. பெரும்பங்கு ஜல்லிதான். அதுவும் வழவழப்பான கூழாங்கல்லை விட, உடைத்த சொரசொரக் கல்தான் சிமெண்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துகிற ஒரே ஆள் இஞ்சினியர் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த ஜல்லியைக் கையால் உடைச்சவங்க யார்னு எஸ்டிமேட்ல பத்தி கிடையாது. எங்கம்மா உடைச்சாங்க. கல்குவாரி ஓரத்துல, தென்னங்கீத்து மறைப்புக்குக் கீழ, சுத்தியல் வெச்சு. கிரஷர் வர்ற வரைக்கும்.

இரண்டாவது தாள் உணவுக் கணக்கு. எங்கம்மா எங்களை வளர்த்தது கேழ்வரகுக் களியிலும் கம்பங்கூழிலும். பள்ளிக்கூடத்தில் அந்தத் தூக்குச்சட்டியைத் திறக்க நான் வெட்கப்பட்டேன். கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாவற்றுக்கும் அரசாங்க இங்கிலீஷில் 'கோர்ஸ்' தானியம் என்று பெயர். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிலோ அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், 'கோர்ஸ்' தானியத்துக்கு 1 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தானியத்திலும் நாலு வருணம் மாதிரி ஒரு வரிசை. அப்புறம் என்ன நடந்தது? நகரத்தில் சர்க்கரை நோய் வந்தது, டாக்டர்கள் கேழ்வரகைச் சாப்பிடச் சொன்னார்கள், கண்ணாடி போட்ட கடைகளில் கம்பு பொட்டலம் ஏறியது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டு இந்தச் சிறுதானியங்களுக்கு 'ஊட்டச்சத்துத் தானியம்' என்று பெயர் மாற்றியது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. தானியம் மாறியதா? அதே கம்பு. அதே சொரசொரப்பு. தின்கிற வாய் மாறியது, பெயர் மாறிவிட்டது.

மூன்றாவது தாள்தான் எனக்குக் கஷ்டமானது. 2019இல் அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டிஸ்சார்ஜ் சீட்டுல நெஞ்சைப் பற்றி எழுதற இடத்துல அதே சொல் இருந்துச்சு. இரண்டு பக்கமும் 'கோர்ஸ்' சத்தம்னு. டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற வெடிப்புச் சத்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மெல்லிசாக, கூர்மையாக, சட்டென்று முடிகிற சத்தம் 'ஃபைன்'. கனமாக, தாழ்ந்த சுருதியில், கொஞ்சம் நீண்டு வெடிப்பது 'கோர்ஸ்'. "இன்னாடா எழுதிக்கீறாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. "நெஞ்சுல சளி கரகரன்னு கீதாம்மா"ன்னு சொன்னேன். "அதான் எனக்கே கேக்குதே, அத்த எழுதறதுக்கா இம்மாம் பணம்?"ன்னாங்க.

ஜல்லி உடைச்சது 'கோர்ஸ்'. சாப்பிட்டது 'கோர்ஸ்'. கடைசியில மூச்சும் 'கோர்ஸ்'. ஒரு மனுசியோட வாழ்க்கை முழுசும் ஒரே சொல்லுக்குள்ள அடங்கிடுச்சு.

இப்ப என் கவிதைக்கு வர்றேன். அம்மாவோட குரலைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தேன். முதல்ல 'கட்டைக் கொரலு'ன்னுதான் எழுதினேன். அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நடை கரடுமுரடாக இருக்கிறது, கொஞ்சம் செதுக்குங்கள்னு கடிதம் வந்துச்சு. செதுக்கினேன். 'கொரலு' குரல் ஆச்சு. 'கட்டை' கனிவு ஆச்சு. கவிதை வெளியாச்சு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "நல்லா கீதுடா, யாரைப் பத்தி?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.

பாமா 1992இல் 'கருக்கு' எழுதினபோது இந்தச் செதுக்கலுக்கு இடம் கொடுக்கவில்லை. கருக்கு என்றால் பனைமட்டையின் ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்கிறதே, அது. கையை அறுக்கும். புத்தகத்துக்கே அந்தப் பெயர் வைத்து, தன் மக்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். பின்னால் அது இங்கிலீஷுக்குப் போனது, பல்கலைக்கழகங்களில் பாடமானது. அதற்கு நூறு வருசத்துக்கு முன்னால், 1893இல், ரெட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லை வைத்து அடித்தார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சடித்தார். வெட்கம் யாருக்கு என்று திருப்பிக் கேட்டார். செதுக்கின என் கவிதையை விட அந்த ஒற்றைத் தலைப்பு பெரிய கவிதை.

ஆனா தோழர்களே, இங்க ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகணும். எனக்குப் பிடிக்காத விசயம், உங்களுக்கும் பிடிக்காது. முரடு எல்லாம் நம்முடையது, முரடு எல்லாம் அழகுன்னு ஒரு பேச்சு நம்ம கூட்டங்கள்ல கிளம்பியிருக்கு. மக்கள் மொழின்னு சொல்லிக்கிட்டு மேடையில, கவிதையில வசவை அள்ளி வீசுறோம். அந்த வசவுகளைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. எல்லாமே அம்மாவையும் அக்காவையும் அவங்க உடம்பையும் வெச்சுத்தானே இருக்கு? அது நம்ம மொழியா? ஆண்டை நம்ம அம்மாவைப் பார்த்துச் சொன்னதைத்தான் நாம வாங்கி வெச்சுக்கிட்டுத் திருப்பிச் சொல்றோம். பேச்சுமொழி வேற, வசவு வேற. ரெண்டையும் ஒரே சல்லடையில போட்டு, ரெண்டும் கலகம்னு சொன்னா, அந்த அதிகாரி செய்ததைத்தான் நாமும் செய்யுறோம்.

அதே மாதிரி அம்மாவோட நெஞ்சுச் சத்தம். அதைப் 'பறையின் அதிர்வு'ன்னு நான் ஒரு கவிதையில எழுதிட்டேன். நிறைய பேர் பாராட்டினாங்க. அது பொய். அது அதிர்வும் இல்ல, பறையும் இல்ல. அது சளி. அது வியாதி. அவங்களுக்கு வேணும்னா நல்ல காத்து வேணும், மருந்து வேணும், ஓய்வு வேணும். வலியை இசைன்னு எழுதுறதும் ஒரு வகைப் பாலிஷ்தான். பத்திரிகைக்காரர் கேட்ட பாலிஷ் ஒரு மாதிரி, நம்ம கைதட்டல் கேட்கிற பாலிஷ் இன்னொரு மாதிரி.

அப்ப என்னதான் பண்றது? என் சின்ன அறிவுக்கு எட்டினதைச் சொல்றேன். உங்க எழுத்தையோ பேச்சையோ குரலையோ யாராவது முரடு, கொச்சை, 'கோர்ஸ்'னு சொன்னா உடனே வெட்கப்பட்டுச் செதுக்காதீங்க. உடனே நெஞ்சை நிமிர்த்தி ஆமாம்னும் சொல்லாதீங்க. முதல்ல இஞ்சினியர் மாதிரி கேளுங்க. எந்தச் சல்லடை? கண் எத்தனை மில்லிமீட்டர்? அந்த அளவை யார் வெச்சாங்க? சலிக்கிறது யார் கை? கீழே விழுந்ததை எடுத்துக்கிட்டுப் போறது யாரு, மேலே நின்னதை உடைக்கிறது யாரு? ஜல்லிக்கு அளவு இருக்கு, தரப்பட்டியல் இருக்கு, யார் வேணும்னாலும் சலிச்சுப் பார்க்கலாம். மனுசனோட பேச்சுக்கு அந்தச் சல்லடையைக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டாங்க. ஏன்னா அது அவங்க பிறப்பு. அதைத் தவிர அவங்க கையில வேற சல்லடை இல்ல.

கடைசியா அந்தப் பொண்ணு. அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, சரிபண்ணிக் கொடுன்னார். அது என் கவுண்ட்டர்ல நின்னுதான் 'ஏ'வை அடிச்சிட்டு மேல 'யூ' போட்டுச்சு. வங்கியில ஒரு வழக்கம் உண்டு. அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல கையெழுத்துப் போடணும், தப்பை ஒப்புக்கிட்டதுக்கு அடையாளமா. "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா"ன்னு நான்தான் விரலை வெச்சுக் காட்டினேன். அது போட்டுச்சு. நாலு தடவை அலைஞ்சு கடனும் வாங்கிடுச்சு. இப்ப ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குது. மாசம் தவறாம தவணை கட்டுது. எங்கம்மா மாதிரி எத்தனையோ பேர் மூச்சு விடறதை அது ராத்திரி கண் முழிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

ரெண்டு சொல்லும் ஒரு காலத்துல ஒரே சொல்தான்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் நான் சிரிக்காம இருந்திருப்பேனான்னு தெரியல. படிப்பு இல்லாததால வந்த சிரிப்பு இல்ல அது. அவங்க பக்கம் இருக்கணும்கிற ஆசையில வந்த சிரிப்பு. தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்க நாளைக்கு வேலைக்குப் போவீங்க, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவீங்க. நம்ம விலாசத்துல இருந்து ஒரு விண்ணப்பம் வரும். அதுல ஒரு எழுத்து மாறியிருக்கும். நாலு பேர் சிரிப்பாங்க. அப்ப உங்க வாய் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.

அந்த விண்ணப்பம் இன்னும் எங்க கிளைக் கோப்புல இருக்கு. அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்துல அந்தப் பொண்ணு கையெழுத்து இருக்கு. அங்கே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவன் நான்.

ஜெய்பீம்.